ஆமைக்குக் கொடுத்த எண்

ஜூன் 9

அன்புள்ள அத்தை அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் மூவரும் சுகம். அங்கே நீங்களும் சுகம்தானே?

நான் உங்கள் அண்ணன் மகள். நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு நான்கு வயது. இப்போது எட்டாம் வகுப்பு. அப்பாவின் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் நீங்கள் ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது. "கெட்டுப்போனால் எழுதவும்" என்று போட்டு உங்கள் முகவரி. அது கெட்டுப்போய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் காலையில் பெட்டி 'புஸ்' என்றது. கருகிய வாசனை வந்தது. அதிலிருந்து அப்பா பேசவில்லை. நான் பார்த்த நாளிலிருந்து அப்பாவுக்குக் கண்ணும் ஒரு கட்டைவிரலும் தவிர எதுவும் அசையாது, வாயும் பேச வராது. அவர் குரல் என்பது அந்த 'டிக் டிக்' சத்தமும் பச்சை எழுத்தும்தான். திரையில் எழுத்துக் கட்டங்கள் டிக் டிக் என்று ஒவ்வொன்றாக மின்னிக்கொண்டே போகும். வேண்டிய இடத்துக்கு வந்ததும் அப்பா கட்டைவிரலால் பொத்தானை அழுத்துவார். நான் எழுத்துப் படித்ததே அந்தத் திரையில்தான். நீங்கள் புள்ளி புள்ளியாக வரைந்த 'ழ'வுக்கு வால் நீளம். என் 'ழ'வுக்கும் அப்படித்தான். தமிழ் மிஸ் இன்னும் திட்டுகிறார்.

ரிப்பேர் கடைக்காரர் வந்து பார்த்தார். "பாப்பா, இதுக்கு வைத்தியம் பார்க்கிறதுக்குப் பதிலா கண்காட்சியில வைக்கலாம். டிக்கெட் போட்டா நல்லா வசூலாகும்" என்றார். பிறகு அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, தன் கடையில் கிடந்த வேறொரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். அதில் நீங்கள் அப்பாவுக்காக எழுதிய நிரல் திறக்கவே மாட்டேன் என்கிறது. தொடுதிரைப் பலகை ஒன்றையும் காட்டினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பார்வை மங்கிப்போனதால் டிக் சத்தத்தை எண்ணித்தான் அவர் அழுத்துவார். புதியதில் எதை எண்ணுவது?

அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். "அவகூட இனி பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது" என்று நீங்கள் கிளம்பிய அன்று அம்மா சொன்னாளாம். அதனால் பதிலை எங்கள் பள்ளி நூலகத்துக்கு அனுப்புங்கள். நூலக அக்கா யாரிடமும் சொல்ல மாட்டார்.

உங்கள் அன்பு மருமகள்

*

ஜூன் 24

அன்பு மருமகளுக்கு,

நான் சுகம். உன் கையெழுத்தில் என் 'ழ'வைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத்தான் மறுபடி படிக்க முடிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். என் நிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது குடியிருந்த வீடுதான் போய்விட்டது. கம்ப்யூட்டரில் எந்த நிரலும் ஓடுவதற்கு அடியில் ஓர் இயங்குதளம் வேண்டும். நான் எழுதிய காலத்து இயங்குதளத்தை அதைச் செய்த கம்பெனியே கைவிட்டுவிட்டது. ஆனால் ஊர் ஊராக இருக்கும் சிலர் சேர்ந்து, அதே மாதிரி நடந்துகொள்ளும் இன்னொன்றை முதலிலிருந்து எழுதியிருக்கிறார்கள். இலவசம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்தும் பார்க்கலாம். பழைய நிரல்கள் தங்கள் சொந்த வீடு என்றே நினைத்துக்கொண்டு அதில் ஓடும்.

அதை ஒரு பென் டிரைவில் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கருகிய பெட்டியிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதில் இருக்கும் என் நிரலையும் இதில் சேர்த்துக்கொடுக்கும்படி ரிப்பேர் கடைக்காரரிடம் சொல். என்னிடம் வேறு பிரதி கிடையாது.

அண்ணன் சரியாகச் சாப்பிடுகிறாரா? அண்ணி இன்னும் துணிக் கம்பெனியில்தான் காலர் தைக்கிறார்களா?

அத்தை

*

ஜூலை 11

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் உடம்பைப் பற்றி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். அடுத்த கடிதத்தில் இரண்டு வார்த்தையாவது எழுதுங்கள்.

அத்தை, ஓடுகிறது! ஆனால் ரொம்பவே ஓடுகிறது. தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி டிக்குகள் கொட்டுகின்றன. எந்த எழுத்து எப்போது மின்னுகிறது என்று என் கண்ணுக்கே தெரியவில்லை. அப்பா துணிந்து ஒரு தடவை அழுத்தினார். திரை முழுக்க 'ங' வரிசையாக நின்றது. கடைக்காரர், "சார் யாரையோ கெட்ட வார்த்தையில திட்டுறார் போல" என்றார். அப்பாவின் கண்கள் சிரித்தன. ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தன.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். அந்த இயங்குதளத்தைச் செய்தவர்களுக்கு அப்பாவைத் தெரியாது. இப்படி ஒரு வீடு இருப்பதே தெரியாது. தெரியாத ஒருவருக்காக யாராவது இவ்வளவு நாள் உட்கார்ந்து வேலை செய்வார்களா? நூலக அக்காவிடம் கேட்டேன். "தெரிஞ்சவங்கதான்டி வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு ரப்பர் முத்திரையை டப்பென்று குத்தினார். அவர் தன் வீட்டில் யாரையோ நினைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் எப்போது வருவீர்கள்?

உங்கள் மருமகள்

*

ஜூலை 28

அன்பு மருமகளுக்கு,

எனக்குச் சுகம். மூட்டு கொஞ்சம் வலிக்கிறது. இரண்டு வார்த்தைக்கு மேலேயே ஆகிவிட்டது.

ஓட்டத்துக்குக் காரணம் நான்தான். ஒவ்வொரு எழுத்திலும் நிரல் சற்று நின்று போக வேண்டும் அல்லவா? அதற்குக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லாமல், "இத்தனை வரை எண்ணிவிட்டு நகரு" என்று எழுதி வைத்தேன். அந்தப் பழைய கம்ப்யூட்டர் எண்ணி முடிக்க நேரமாகும். புதியது கண் இமைப்பதற்குள் எண்ணிவிடுகிறது. இதைவிட வேகமான கம்ப்யூட்டர் இந்த வீட்டுக்கு வரும் என்று அன்றைக்கு நான் நினைக்கவே இல்லை.

ஒரு சின்ன நிரல் அனுப்புகிறேன். கம்ப்யூட்டரின் காலைக் கட்டி மெதுவாக நடக்க வைப்பதுதான் அதன் வேலை. நான் அதை ஆமை என்று கூப்பிடுவேன். தொடங்கும்போது முதலில் ஆமை, பிறகு என் நிரல். ஆமைக்குப் பக்கத்தில் ஓர் எண் கொடுக்க வேண்டும். எண் கூடக் கூட நடை மெதுவாகும். எப்படி மாற்றுவது என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அண்ணன் கைக்கு எது சரியாக வருகிறதோ அதையே வைத்துவிடு.

இங்கே வேலை நெருக்குகிறது.

அத்தை

*

ஆகஸ்ட் 8

அன்புள்ள அத்தைக்கு,

மூவரும் சுகம், சுகம், சுகம்! மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

நாற்பது. அதுதான் அப்பாவின் எண். பத்தில் ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போனேன். நாற்பதில் அப்பா கண்ணை மூடி, டிக்குகளை எண்ணி, அழுத்த ஆரம்பித்தார். இரண்டு டிக்குக்கு நடுவில் புத்தகத்தில் நான் ஒரு வார்த்தை படிக்கலாம். அவ்வளவுதான் இடைவெளி.

மூன்று மாதமாகப் பேசாதவர் முதலில் என்ன சொல்வார் என்று நினைக்கிறீர்கள்? எனக்குப் பெரிய பெரிய எதிர்பார்ப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தது இது:

"இடது காது அரிக்குது."

அம்மா ஓடிப்போய்ச் சொறிந்துவிட்டாள். சொறிந்துகொண்டே அழுதாள். "இத்தனை நாளா அரிச்சுதா? சொல்லக்கூடாதா?" என்று கேட்டாள். அப்பா நிதானமாக அழுத்தினார்: "எப்படி?" மூன்று பேரும் சிரித்தோம். அதாவது இரண்டு பேர் சத்தமாக.

பிறகு வரிசையாக வந்தன. மாலையில் ஜன்னலை மூடு. என் தலைமுடியை வெட்டியவன் யார், அவனை மறுபடி உள்ளே விடாதே. மகள் இருட்டில் படிக்கிறாள், விளக்கைப் போடு. உங்களுக்கும் ஒன்று உண்டு: "ழ வால் இன்னும் வெட்டலையா?"

யார் சரிசெய்தது என்று அம்மா கேட்டாள். "தபால்ல வந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் நழுவிவிட்டார். பென் டிரைவ் வந்த உறை மேசையில் கிடந்தது. அதிலிருந்த கையெழுத்தை அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். கம்ப்யூட்டரின் மேலிருந்த தூசியைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

நீங்கள் எப்போது வருவீர்கள் என்று போன கடிதத்திலும் கேட்டிருந்தேன்.

உங்கள் மருமகள்

*

ஆகஸ்ட் 30

அன்பு மருமகளுக்கு,

சுகம். காதுச் செய்தியைப் படித்துவிட்டு அலுவலகத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் என்னவென்று கேட்டார். எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார் என்பதே இங்கே யாருக்கும் தெரியாது. எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

வால் வெட்டப்பட மாட்டாது என்று அண்ணனிடம் சொல். அந்த எழுத்தை வரைந்த அன்று அவர்தான் பக்கத்தில் இருந்தார். நீளம் போதாது என்று கண்ணால் சொன்னதும் அவர்தான்.

எண்ணை மாற்றினால் எனக்கு எழுது. வேலை ஓயவில்லை.

அத்தை

*

செப்டம்பர் 19

அன்புள்ள அத்தைக்கு,

மூவரும் சுகம். அப்பாவுக்கு ஒரு வாரம் காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் இருந்தன. இப்போது இல்லை.

எண் இப்போது ஐம்பத்தைந்து. பயப்பட ஒன்றுமில்லை. காய்ச்சலில் படுத்த விரல் கொஞ்சம் சோம்பிவிட்டது. ஒரே நாளில் பதினைந்து ஏற்றியதும் அப்பா கண்டுபிடித்துவிட்டார். "வேகமாக்கு. நான் கிழவன் இல்லை" என்று கோபமாக அழுத்தினார். கோபமாக அழுத்துவதற்கே நெடுநேரம் ஆனது. அவர் சொன்னபடி நாற்பதுக்கே இறக்கினேன். அன்று முழுவதும் ஒரு வார்த்தைகூடச் சரியாக அமையவில்லை. தவறான எழுத்து, மறுபடி தவறான எழுத்து. கடைசியில் அவர் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டார்.

அதனால் ஒரு தந்திரம் செய்தேன். தினமும் அவர் தூங்கியபின் ஒன்றே ஒன்று ஏற்றினேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, அப்படி. காதுக்கு வித்தியாசம் தெரியாது அல்லவா? இப்போது மறுபடி நன்றாகப் பேசுகிறார். "பார்த்தியா, பழைய வேகம் வந்துடுச்சு" என்றார். ஆமாம் அப்பா என்றேன். இரண்டு டிக்குக்கு நடுவில் நான் அரை வரி படிக்கலாம்.

நான் செய்தது பொய்யில் சேருமா, அத்தை?

உங்கள் மருமகள்

*

அக்டோபர் 3

அன்பு மருமகளுக்கு,

அது பொய் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் என்னிடம் அதே தந்திரத்தைச் செய்யாதே. எண் இன்று எத்தனை? மருத்துவர் வந்தாரா, என்ன சொன்னார்? அண்ணன் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார்? இவற்றுக்கெல்லாம் உடனே பதில் எழுது. விடுமுறை கேட்கலாமா என்று பார்க்கிறேன். கேட்டாலும், அண்ணனை விட்டுவிட்டு அன்று கிளம்பிப்போனவள், அந்த வாசற்படியில் நான் எந்த முகத்தோடு வந்து நிற்பது என்று தெரியவில்லை. அது பெரியவர்கள் விஷயம், நீ மனதில் போட்டுக்கொள்ளாதே.

அத்தை

*

நவம்பர் 6

அன்புள்ள அத்தைக்கு,

மூவரும் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தேர்வு வந்துவிட்டது. கட்டுரைப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. தலைப்பு 'நட்பு'. முகம் தெரியாமல் இயங்குதளம் எழுதியவர்களைப் பற்றி எழுதினேன். முதல் பரிசு வாங்கியவள் நாய்க்குட்டியைப் பற்றி எழுதினாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

நூலக அக்கா ஒரு பெரிய கடல் பயண நாவல் கொடுத்தார். தலையணை அளவு. பள்ளி விட்டதும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படிக்கிறேன். இரண்டு டிக்குக்கு நடுவில் ஒரு பத்தியே படித்துவிடலாம், அதனால் முக்கால்வாசி முடித்துவிட்டேன். கப்பல் இன்னும் கரை சேரவில்லை.

அம்மா இப்போது மதியத்துக்கு மேல் வேலைக்குப் போவதில்லை. காலர் துணியை வீட்டுக்கே கொண்டுவந்து தைக்கிறாள்.

அப்பா உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். சுகம் என்று.

உங்கள் மருமகள்

பி.கு.: எண்ணைக் கேட்டிருந்தீர்கள். எழுத உட்காரும்போது மறந்துவிட்டது.

*

நவம்பர் 14

என் கண்ணுக்கு,

நீ எதையும் மறக்கிறவள் இல்லை. நான்கு வயதில் பார்த்த வாலைக்கூட மறக்காதவள்.

ஒரு வார்த்தை, பிறகு அரை வரி, இப்போது ஒரு பத்தி. கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையில் கிடைத்த ஒரு புத்தகத்தில் ஒரு பத்தி படித்துப் பார்த்தேன். படித்து முடிக்கும்வரை அடுத்த டிக் வரவில்லை என்று நினைத்துப் பார்த்தேன். அந்த நடையில் 'சுகம்' என்று அழுத்த அண்ணனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

விடுமுறை கேட்கவில்லை, எடுத்துவிட்டேன். டிசம்பர் இரண்டாம் தேதி காலையில் வருகிறேன். அண்ணியிடம் முன்கூட்டிச் சொல்லாதே. கதவைச் சாத்தினால் வெளியே உட்கார்ந்திருப்பேன். அண்ணனிடம் மட்டும் சொல். அவர் காதருகில் சொல்.

அத்தை

*

நவம்பர் 23

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே நாங்கள் இருவர்.

உங்கள் கடிதம் நூலகத்துக்கு இருபதாம் தேதி வந்தது. அப்பா பத்தொன்பதாம் தேதி காலையில் போய்விட்டார். கடிதம் வந்த அன்று நான் பள்ளிக்குப் போகவில்லை. அதனால் கடிதத்தை நூலக அக்காவே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அதை அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். படித்துவிட்டு, நீங்கள் சொன்னபடி அப்பாவின் காதில் சொன்னேன். இடது காதில். அப்போது அவரைத் தூக்கிப்போக ஆட்கள் வந்து வெளியே நின்றார்கள்.

உங்களிடம் மறைத்தேன். மருத்துவர் அக்டோபரிலேயே கையை விரித்துவிட்டார். "அத்தைக்கு எழுதட்டுமா அப்பா?" என்று கேட்டேன். ஒரு மதியம் முழுவதும் அழுத்தினார். அம்மா அன்று பன்னிரண்டு காலர் தைத்து முடித்தாள். வந்தது, "சுகம்னு எழுது." அவர் சொன்னதைத்தான் எழுதினேன். ஆனால் நாவலைப் பற்றி எழுதும்போது கை தானாகவே அந்தப் பத்தியையும் எழுதிவிட்டது. அது தெரியாமல் நடந்ததா, நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்று நானே எழுதினேனா என்று எனக்கே தெரியவில்லை.

நீங்கள் கேட்ட எண் நூற்றெண்பது. அதற்கு மேல் ஏற்றினால் கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறது.

கடைசி நாள் காலையிலும் அப்பாவை உட்காரவைத்தோம். வெகுநேரம் காத்திருந்து ஓர் எழுத்தை அழுத்தினார். 'வ'. அதன் பிறகு டிக்குகள் போய்க்கொண்டே இருந்தன, அவர் அழுத்தவில்லை. எதற்காகவோ காத்திருக்கிறார் என்று நினைத்து, நான் நாவலில் நான்கு பக்கம் படித்துவிட்டேன் அத்தை. படித்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. திரையில் அந்த 'வ' அப்படியே நிற்கிறது. துக்கம் கேட்க வந்த உறவுக்காரர் ஒருவர், "அந்தச் சனியனை முதல்ல அணைங்கப்பா" என்றார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று ரிப்பேர் கடைக்காரர் தானாகவே ஒரு பேட்டரி கொண்டுவந்து மாட்டினார். இந்தத் தடவை அவர் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

நேற்று எல்லோரும் போனபிறகு அம்மாவிடம் கேட்டேன். "நான் நிறுத்தட்டுமாம்மா?"

அம்மா அப்பாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பொத்தானைக் கையில் எடுத்துக் கட்டைவிரலை வைத்தாள். வேகத்தைக் கூட்டட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். நூற்றெண்பதிலேயே, ஒவ்வொரு டிக்காகக் காத்திருந்து, தவறாக அழுத்தியதை அழித்து, மறுபடி காத்திருந்து அழுத்தினாள். இருட்டிவிட்டது. நான் எழுந்து விளக்கைப் போட்டேன்.

உங்களோடு பேச மாட்டேன், எழுத மாட்டேன் என்று சொன்னவள். இன்றுவரை பேசவும் இல்லை, எழுதவும் இல்லை. அப்பா விட்டுப்போன 'வ'வை அழிக்காமல், அதிலிருந்தே தொடங்கியிருக்கிறாள். திரையில் இருப்பதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"வந்து நீயே நிறுத்து."

இரண்டாம் தேதி காலையில் கதவு திறந்திருக்கும். மூட்டு வலியைப் பார்த்துக்கொண்டு பத்திரமாக வாருங்கள்.

உங்கள் மருமகள்